டிசம்பர் 25 அன்று எந்த ஊரில் இருப்பது? லண்டன், பாரிஸ், ரோம், வியன்னா ஓர் ஒப்பீடு

பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை விடுவதும், அலுவலகத்தில் மிச்சமிருக்கும் லீவை எடுத்தே ஆகவேண்டிய நேரமும் ஒன்றாக வருவதால், நம் ஊரிலிருந்து ஐரோப்பா போகிறவர்களில் பலர் டிசம்பர் கடைசி வாரத்தைத்தான் பிடிக்கிறார்கள். ஐரோப்பாவில் ஆண்டிலேயே அதிகக் கதவுகள் சாத்தியிருக்கும் வாரமும் அதுவே. அதற்காகப் பயணத்தை ஒத்திப்போட வேண்டாம். விளக்கு அலங்காரம், தேவாலயப் பாடல், குளிர் என்று அந்த வாரத்துக்கென்றே ஓர் அழகு இருக்கிறது. ஆனால் 24, 25, 26 ஆகிய மூன்று நாட்களும் எந்த ஊரில் கழியப்போகின்றன என்பதை மட்டும் முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். மற்ற நாட்களை அதற்குப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

திட்டம் போடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது, அன்றைக்கு அருங்காட்சியகம் திறந்திருக்குமா என்பதை. நான் முதலில் பார்க்கச் சொல்வது, அன்றைக்கு ரயிலும் பஸ்ஸும் ஓடுமா என்பதை. ஓர் அருங்காட்சியகம் மூடியிருந்தால் மறுநாள் போகலாம். கடை மூடியிருந்தால் முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளலாம். வண்டியே ஓடவில்லை என்றால், வயதான அம்மாவையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஒரு விஷயத்தில் ஐரோப்பிய நகரங்களுக்குள் இருக்கும் வேறுபாடு மிகப் பெரியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் ஊர் அடங்குவது 25ஆம் தேதி. ஐரோப்பாவின் மற்ற பல நாடுகளில் குடும்பம் கூடிச் சாப்பிடுவது 24 இரவில். ஆகவே வியன்னாவிலும் ரோமிலும் ஜெர்மன் நகரங்களிலும் 24 பிற்பகலிலேயே கடைகள் மூடத் தொடங்கிவிடும். 24 இரவு எட்டு மணிக்குப் போய் இறங்குவதுபோல டிக்கெட் போட்டிருந்தால், சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

லண்டன்: உறவினர் வீடு இருந்தால் மட்டும்

நான்கு ஊர்களில் லண்டனைப் பற்றித்தான் நான் அதிகம் எச்சரிப்பேன். டிசம்பர் 25 அன்று லண்டனில் டியூப் என்னும் நிலத்தடி ரயில் இல்லை, சிவப்பு பஸ் இல்லை, எலிசபெத் லைன், டி.எல்.ஆர். என்னும் நகர ரயில்களும் இல்லை. நாடு முழுவதும் ரயிலும் ஓடாது. பாரிஸுக்குப் போகும் யூரோஸ்டாரும் அன்றைக்குக் கிடையாது. 24 மாலையிலேயே சேவைகள் சீக்கிரம் முடியத் தொடங்கும். நம் ஊர் முழு அடைப்பு நாளில்கூடத் தெருமுனையில் ஓர் ஆட்டோ நிற்கும். லண்டனில் அன்றைக்கு டாக்ஸி கிடைக்கும், ஆனால் கிறிஸ்துமஸ் கூடுதல் கட்டணத்தோடு, அதுவும் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் நிம்மதி.

இதில் பலர் மாட்டிக்கொள்வது விமான டிக்கெட்டில். 25ஆம் தேதி கிளம்பும் அல்லது இறங்கும் விமானத்துக்கு விலை குறைவாக இருப்பது உண்டு. ஹீத்ரோவில் விமானம் இறங்கிவிடும், ஆனால் அங்கிருந்து நகருக்குள் வர டியூபின் பிக்காடிலி லைனும் இல்லை, ஹீத்ரோ எக்ஸ்பிரஸும் இல்லை. முன்பதிவு செய்த கோச் பஸ், இல்லையென்றால் டாக்ஸி. நாலு பேரும் ஆறு பெட்டியும் என்றால் டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு அந்த ஒரு டாக்ஸிக்கே போய்விடலாம்.

26ஆம் தேதி, அதாவது பாக்ஸிங் டே அன்று, டியூபும் பஸ்ஸும் குறைந்த அளவில் திரும்பும். வெளியூர் ரயில்களில் பெரும்பாலானவை அன்றும் ஓடாது. பயணிகள் குறைவாக இருக்கும் காலம் என்பதால் தண்டவாளப் பராமரிப்பைப் பெரிய அளவில் செய்வதும் இந்த வாரத்தில்தான். பெரிய ரயில் நிலையம் ஒன்று சில நாட்களுக்குப் பாதியோ முழுதுமோ மூடியிருப்பது அங்கே வழக்கம். ஆக்ஸ்ஃபோர்டு, பாத், எடின்பரோ என்று ஒரு நாள் ஊர் போய்வரும் ஆசை இருந்தால் அதை 27க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், வழித்தடத்தில் பராமரிப்பு வேலை இல்லை என்று பார்த்துவிட்டு. 2026இல் டிசம்பர் 25 வெள்ளி, 26 சனி. சனிக்கிழமையில் வரும் விடுமுறைக்குப் பதிலாக 28 திங்கட்கிழமையும் அங்கே விடுமுறை. ஆக நான்கு நாட்கள் தொடர்ச்சியாக ஊர் மந்தமாகத்தான் இருக்கும்.

பார்க்கும் இடங்களும் அப்படியே. பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், டவர் ஆஃப் லண்டன் எல்லாம் 24 முதல் 26 வரை மூன்று நாளும் மூடியிருக்கும். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் 25 அன்று திறக்கக் கூடாது என்று அங்கே சட்டமே உண்டு. சூரியனும் நாலு மணிக்கு முன்பே அடைந்துவிடும்.

அப்படியென்றால் லண்டன் வேண்டவே வேண்டாமா? ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ சித்தப்பா வீடோ அக்கா வீடோ இருந்து, கார் இருந்து, "கிறிஸ்துமஸுக்கு எங்களோடதான் இருக்கணும்" என்று அழைத்திருந்தால் தாராளமாகப் போங்கள். அன்றைக்கு லண்டன் சாலைகளில் போக்குவரத்து மிகக் குறைவு. கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 1 வரை நகர மையத்துக்குள் கார் ஓட்டுவதற்கான நெரிசல் கட்டணமும் வசூலிப்பதில்லை. வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து ஆற்றங்கரையோரமாக டவர் பாலம் வரை கூட்டமே இல்லாமல் நடக்க ஆண்டில் கிடைக்கும் நாள் இது ஒன்றுதான் என்று சொல்லலாம். காலையில் ஹைட் பார்க் ஏரியில், 1864இல் தொடங்கிய நீச்சல் சங்கத்தார் உறையும் குளிரில் நீந்துவதைக் கரையில் நின்று பார்க்கலாம். நகர மையத்தில் நடந்து போகும் தூரத்தில் ஓட்டல் எடுத்தவர்களுக்கும் இவையெல்லாம் சாத்தியம். மற்றவர்கள் லண்டனை 23ஆம் தேதிக்குள் முடித்துக்கொள்வதோ 27க்குப் பிறகு தொடங்குவதோ நல்லது.

பாரிஸ்: முதல் முறை போகும் குடும்பத்துக்கு

பாரிஸில் 25 அன்று மெட்ரோ ஓடும், பஸ் ஓடும், விமான நிலையத்துக்கான ஆர்.இ.ஆர். ரயிலும் ஓடும். ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி இடைவெளி கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். அதைவிட முக்கியம், டிசம்பர் 26 பிரான்ஸில் விடுமுறையே இல்லை. ஜெர்மன் எல்லையை ஒட்டிய அல்சாஸ், மொசெல் பகுதிகளில் மட்டும் 26உம் விடுமுறை. அதாவது ஸ்ட்ராஸ்பூர்கில் ஊர் அடங்கியிருக்கும் அதே நாளில் பாரிஸ் வழக்கம்போல வேலை செய்துகொண்டிருக்கும். லண்டனில் மூன்று நாட்களை இழப்பவர் பாரிஸில் ஒரே ஒரு நாளைத்தான் இழக்கிறார்.

அந்த ஒரு நாளில் என்னென்ன கிடையாது என்று பார்த்தால் பட்டியல் பெரியதுதான். லூவர், ஓர்சே அருங்காட்சியகங்கள், வெர்சாய் அரண்மனை, ஆர்க் தெ திரியோம்ஃப் வெற்றி வளைவு, சாந்த் ஷப்பெல் தேவாலயம் எல்லாமே 25 அன்று மூடல். ஈஃபல் கோபுரம் திறந்திருக்கும், ஆண்டின் 365 நாளும் அது உண்டு. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு டிஸ்னிலேண்ட் பாரிஸும் திறந்திருக்கும், ஆர்.இ.ஆர். ஏ தடத்தில் நேராகப் போய்விடலாம். ஆனால் உங்களுக்குத் தோன்றும் இதே யோசனை அந்த ஊரில் இருக்கும் எல்லாப் பயணிகளுக்கும் தோன்றும். லிஃப்டில் மேலே போகும் ஈஃபல் டிக்கெட்டுகள் 60 நாளுக்கு முன்பு விற்பனைக்கு வருகின்றன. 25ஆம் தேதிக்கான டிக்கெட்டை அக்டோபர் கடைசியிலேயே எடுத்துவிடுவது உத்தமம்.

இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. பாரிஸின் பெரிய இடங்களுக்கு வாராந்தர விடுமுறையும் தனித்தனியாக உண்டு. லூவருக்குச் செவ்வாய், ஓர்சேவுக்கும் வெர்சாய்க்கும் திங்கள். 2026இல் இதைப் பொருத்திப் பார்த்தால் லூவர் 22, 25, 29 ஆகிய நாட்களில் கிடையாது. ஓர்சேவும் வெர்சாயும் 21, 25, 28 ஆகிய நாட்களில் கிடையாது. 24இல் சீக்கிரம் மூடும் இடங்களும் உண்டு. சரி, அப்படியென்றால் 25ஐ ஒட்டி முன்னும் பின்னும் எல்லாம் திறந்திருக்கும் நல்ல நாட்கள் 23 புதனும் 26 சனியும். அந்த இரண்டையும் லூவருக்கும் வெர்சாய்க்கும் ஒதுக்கிவிட்டு, 25ஆம் தேதியைத் தெருவுக்கும் ஆற்றுக்கும் விட்டுவிடுங்கள். 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ரதாம் பேராலயத்தில் அன்று திருப்பலிகள் நடக்கும். சுற்றிப் பார்க்க அன்று வசதிப்படாது, ஆனால் பாடலைக் கேட்க அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.

சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தை. கார் து நோர் ரயில் நிலையத்துக்கும் லா ஷப்பெல் மெட்ரோவுக்கும் நடுவில் ஈழத்தமிழர் கடைகளும் உணவகங்களும் வரிசையாக இருக்கின்றன. நகரத்தின் பிரெஞ்சு உணவகங்கள் சாத்தியிருக்கும் நாளில் கொத்து ரொட்டிக்கோ சோற்றுக்கோ தேடிப் போக வேண்டிய இடம் அதுதான். யூரோஸ்டார் வந்து நிற்பதும் கார் து நோரில்தான் என்பதால் அந்தப் பக்கம் ஓட்டல் எடுப்பவர்களுக்கு இது இன்னும் வசதி.

பிரான்ஸில் எனக்கு இருக்கும் ஒரே கவலை வேலைநிறுத்தம். 2022 கிறிஸ்துமஸ் வார இறுதியில் ரயில் நடத்துநர்கள் வேலைநிறுத்தம் செய்து ஏராளமான ரயில்கள் ரத்தாயின. பாரிஸிலேயே தங்கி நகருக்குள் சுற்றுகிறவர்களுக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. 24 அன்று டிஜிவி என்னும் அதிவேக ரயிலைப் பிடித்து நீஸுக்குப் போகத் திட்டமிட்டவருக்குத்தான் ஆபத்து.

ரோம்: பார்க்க வருவது கிறிஸ்துமஸைத்தான் என்றால்

வாடிகன் அருங்காட்சியகத்தையும் கொலோசியத்தையும் பார்ப்பதே நோக்கம் என்றால் கிறிஸ்துமஸ் வாரத்தில் ரோமுக்குப் போகாதீர்கள். கிறிஸ்துமஸையே பார்க்க வேண்டும் என்றால் அதைவிடச் சிறந்த ஊர் கிடையாது. 25 நண்பகலில் புனித பேதுரு சதுக்கத்தில் போப்பாண்டவர் ஊருக்கும் உலகுக்கும் ஆசி வழங்குவதைக் காண டிக்கெட் எதுவும் வேண்டாம். 24 இரவுத் திருப்பலிக்கு இலவச அனுமதிச் சீட்டு வேண்டும், அதை முன்கூட்டியே வாடிகனுக்கு எழுதிக் கேட்க வேண்டும். சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்தில் 13ஆம் நூற்றாண்டுச் சிற்பி அர்னோல்ஃபோ செதுக்கிய பிறப்புக் காட்சி இருக்கிறது. கல்லில் செதுக்கிய மிகப் பழைய குடில்களில் அதுவும் ஒன்று.

ரோமின் போக்குவரத்து லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடைப்பட்டது. வழக்கமாக 24 அன்று மெட்ரோ இரவு 9 மணியோடு நின்றுவிடும். 25 அன்று காலை 8 முதல் பகல் 1 மணி வரை ஓடி, மதியச் சாப்பாட்டுக்காக நின்று, மாலை 4:30 முதல் 9 வரை மீண்டும் ஓடும். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. இரவுத் திருப்பலி முடிந்து வெளியே வரும்போது மெட்ரோ நின்றிருக்கும், டாக்ஸிக்குப் பெரிய கூட்டம் நிற்கும். ஆகவே திருப்பலிக்குப் போவதாக இருந்தால் ஓட்டலை வாடிகனிலிருந்து நடந்து போகும் தூரத்தில், பிராத்தி பக்கமாக, எடுப்பதுதான் சரி. இதற்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்தாலும் தப்பில்லை.

வாடிகன் அருங்காட்சியகம் டிசம்பர் 25, 26 இரண்டு நாளும் மூடல். சாதாரண ஞாயிறுகளிலும் மூடல், மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலையில் இலவசமாகத் திறப்பார்கள். 2026இல் 27ஆம் தேதி அந்தக் கடைசி ஞாயிறாக வருகிறது. இரண்டு நாள் அடைப்புக்குப் பிறகு வரும் இலவச அரைநாள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சிஸ்டைன் சேப்பலை நிதானமாக அண்ணாந்து பார்க்க வேண்டும் என்றால் 23ஆம் தேதி போய்விடுங்கள். இத்தாலிக்கு ஒரு கூடுதல் மதிப்பெண் உண்டு: டிசம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை ரயிலிலும் விமானத்திலும் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்று அங்கே விதி இருக்கிறது. அதிவேக ரயில்கள் 25 அன்றும் ஓடும், எண்ணிக்கைதான் குறைவு.

வியன்னா: நான் தேர்ந்தெடுப்பது

வியன்னாவில் கடைகளுக்கு 25, 26 இரண்டு நாளும் கட்டாய விடுமுறை. 24 பகல் 2 மணிக்கே பூட்டிவிடுவார்கள். இதை மட்டும் கேட்டால் லண்டனைப் போலத் தோன்றும். ஆனால் பயணிக்கு வேண்டியவை திறந்திருக்கின்றன. ஷோன்புருன் அரண்மனை ஆண்டு முழுவதும் திறந்திருக்கும், கிறிஸ்துமஸும் அதில் அடக்கம். கிளிம்ட்டின் ஓவியங்கள் இருக்கும் பெல்வெடேர் மாளிகையும் அப்படியே. யூபான் என்னும் நிலத்தடி ரயிலும் டிராமும் விடுமுறை அட்டவணைப்படி ஓடும். சால்ஸ்பர்க் போக வேண்டுமா, 25 அன்றும் ரயில் உண்டு, இரண்டரை மணி நேரம்தான். பால், ரொட்டி, பழம் தீர்ந்துபோனால் மத்திய ரயில் நிலையத்திலும் வீன் மிட்டே நிலையத்திலும் உள்ள சூப்பர் மார்க்கெட்டுகள் விடுமுறை நாளிலும் திறந்திருக்கும். ஐரோப்பாவில் ஜெர்மன் பேசும் நாடுகள் மூன்றிலும் இந்த உத்தி பொருந்தும்: எல்லாம் மூடியிருந்தால் பெரிய ரயில் நிலையத்துக்குப் போங்கள்.

கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பற்றி இங்கே சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுவது இதில்தான். அந்த மரக்கடைகளும் விளக்குகளும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களுக்கு உரியவை. நியூரம்பெர்க், மியூனிக் சந்தைகள் 24ஆம் தேதி பகலோடு முடிந்துவிடும். கொலோன் பேராலயச் சந்தை 23ஆம் தேதியே கலைந்துவிடும். 25 அன்று ஜெர்மனியில் போய் இறங்குகிறவர் பெரும்பாலும் பார்ப்பது சந்தை முடிந்துபோன சதுக்கத்தைத்தான். வியன்னாவில் நகரமன்றச் சதுக்கத்துச் சந்தை வழக்கமாக 26 வரை நீடிக்கும், ஷோன்புருன் சந்தை அதற்குப் பிறகும் தொடரும். பள்ளி விடுமுறை விட்ட பிறகுதான் கிளம்ப முடியும் என்கிற நம் குடும்பங்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம் என்பேன்.

புத்தாண்டு வரை தங்கினால் இன்னொரு வாய்ப்பு. ஜனவரி 1 காலை நடக்கும் புத்தாண்டு இசைக் கச்சேரிக்கு டிக்கெட் குலுக்கல் முறையில்தான் கிடைக்கும். அதை நகரமன்றச் சதுக்கத்தில் பெரிய திரையில் நேரலையாகக் காட்டுகிறார்கள், அங்கே நின்று கேட்கக் காசு வேண்டாம்.

வியன்னாவுக்கு எதிராகச் சொல்ல இரண்டு உண்டு. குளிர் பாரிஸைவிடக் கடுமை, மாலை நாலு மணிக்கே இருட்டு. அப்புறம் "ஐரோப்பா போனேன், ஈஃபல் பார்க்கவில்லை" என்றால் ஊரில் கேட்பார்கள். முதல் பயணம், பிள்ளைகள் கூட வருகிறார்கள் என்றால் பாரிஸ்தான். ஏற்கெனவே ஒருமுறை பாரிஸ் பார்த்தவர்கள், அல்லது அவசரமில்லாமல் ஒரு ஊரில் தங்க விரும்புகிறவர்கள், யோசிக்காமல் வியன்னாவை எடுக்கலாம்.

சுவிட்சர்லாந்தைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம் என்பதால் சுருக்கமாக: ரயில்கள் 25 அன்றும் ஞாயிறு அட்டவணைப்படி நம்பிக்கையாக ஓடும், 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃப்ராவ்யோஹ் மலை ரயில் நிலையம் 365 நாளும் திறந்திருக்கும். விடுமுறையால் அங்கே பிரச்சினை இல்லை. பனிச்சறுக்குக் கூட்டத்தால் ஓட்டல் வாடகை உச்சத்தில் இருப்பதுதான் பிரச்சினை. பட்ஜெட் இடம் கொடுத்தால் போகலாம்.

லண்டனும் வேண்டும், பாரிஸும் வேண்டும் என்பவர்களுக்கு

பெரும்பாலோர் கேட்பது இந்த ஜோடியைத்தான். வரிசையை இப்படி வையுங்கள்: லண்டனை முதலில் முடித்துவிட்டு 23ஆம் தேதி யூரோஸ்டாரில் பாரிஸுக்குப் போய்விடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு தெரு விளக்குகளையும் மியூசியங்களையும் பார்த்திருப்பீர்கள், அடைப்பு தொடங்குவதற்குள் வெளியேறியிருப்பீர்கள். திருப்பிப் போட வேண்டிய கட்டாயம் என்றால் பாரிஸில் 27 வரை இருந்துவிட்டு லண்டன் வாருங்கள். 24 அன்று கடக்கலாம் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு ஒரு ரயில் தாமதமானாலும் மாற்று வழி தேட அடுத்த நாள் கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு இரண்டு விசா வேண்டும், பிரிட்டனுக்கு ஒன்று, பிரான்ஸ் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்கு ஒன்று. ஷெங்கனுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் செப்டம்பருக்குள் இரண்டையும் வரிசைப்படுத்திவிடுவது நல்லது.

எந்த ஊரானாலும் 25ஐ ஒட்டிய நாட்களுக்குச் சமையலறை உள்ள அபார்ட்மென்ட் எடுக்கச் சொல்வேன், குறிப்பாகச் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு. திறந்திருக்கும் உணவகங்கள் அன்றைக்கு நிர்ணயித்த விருந்து மெனுவைத்தான் கொடுக்கும், விலையும் அதிகம், அதில் இறைச்சி இல்லாத தட்டு அரிது. 23 மாலையே அரிசி, தயிர், காய்கறி, பால் எல்லாம் வாங்கி வைத்துவிட்டால் மூன்று நாள் கவலை இல்லை.

ரயில் டிக்கெட்டைப் பற்றி ஒரு தகவல். ஐரோப்பிய ரயில் அட்டவணை ஆண்டுதோறும் டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை நள்ளிரவில் மாறுகிறது. 2026இல் அது டிசம்பர் 13 ஞாயிறு முதல் நடைமுறைக்கு வரும். அந்தத் தேதிக்குப் பிந்தைய ரயில்களுக்கான விற்பனை, மற்ற மாதங்களைப் போலச் சீராகத் திறக்காமல் தாமதமாகத் திறப்பது உண்டு. ஆகஸ்டில் தேடும்போது "ரயில் இல்லை" என்று காட்டினால் அது விடுமுறையால் ரயில் நின்றுபோனதற்கு அடையாளம் அல்ல. விற்பனை இன்னும் தொடங்கவில்லை, அவ்வளவுதான். செப்டம்பர், அக்டோபரில் மறுபடி பாருங்கள், திறந்த முதல் வாரத்திலேயே மலிவான இருக்கைகள் இருக்கும்.